பனிக்கழிவு

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் குவளை, ஒரு பகடை,
கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை.
குலுக்குங்கள். நீங்கள் மட்டும் பாருங்கள்.
விழுந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.
ஒன்றுக்கு ஒரு யூரோ, ஐந்துக்கு ஐந்து.
ஆறு விழுந்தால் ஒன்றும் கிடையாது.

கேமரா இல்லை. சத்தியமாக இல்லை.
ஊலு நகரத்தில் ஜனவரி, மூன்று மணிக்கே இருட்டு.
வந்தவர்களின் பூட்ஸிலிருந்து உருகிய நீர்
என் தரையில் தெரியாத நாடுகளின் வரைபடம் போட்டது.

பொய் சொல்லாத பகடைக்கு
முப்பத்தைந்து ஆறுகளாவது விழவேண்டும்.
என் கைக்கு வந்தவை ஒன்பது.
மீதி இருபத்தாறும்
யார் சட்டைப் பையில் ஐந்தாகிப் போயின
என்று தெரியாது. தெரியவும் கூடாது.
எவ்வளவு பொய் என்பது தெரியும்,
எவர் பொய் என்பது தெரியாது:
இதுதான் என் துறையின் நாகரிகம்.

பாடநூல் மனிதன் எப்போதும் ஐந்து என்றே எழுதுவான்.
அவனை நான் அதிகம் சந்தித்ததில்லை.
நான்கு என்று எழுதுபவர்கள்மேல்தான் எனக்கு ஒரு கண்.
கூசாமல் ஐந்து எழுதியிருக்கலாம்.
ஒரு யூரோவை விட்டுக்கொடுத்து
தம்மைத் தாமே வாங்கிக்கொண்டு போகிறார்கள்,
தள்ளுபடி விலையில்.

*

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்,
இந்தத் துறைக்கு ஏன் வந்தீர்கள் என்று.
கணிதத்தில் ஆர்வம் என்று எழுதினேன்.
(நான்கு.)

அப்பா எடைமேடையில் இருந்தார்,
கெமி ஆற்றங்கரைக் காகித ஆலையில்.
மரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறும்.
முள் காட்டுவது மரமும் பனியும் சேர்ந்த எடை.
பனிக்குக் காசு கிடையாது.
எத்தனை கிலோ பனி என்று
கண்ணாலே மதித்து, பென்சிலால் கழிப்பது அப்பா.
பள்ளி விட்டதும் ஹீட்டர் பக்கம் உட்கார்ந்து
அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
முந்நூறு. நானூற்றைம்பது.
என்சியோவின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம் முழுக்க
அவன் லாரியில் மட்டும்
பனி குறைவாகவே பெய்தது.

அது திருட்டா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.
தோன்றியபோது ஆலையை மூடிவிட்டார்கள்,
மேடையைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிட்டார்கள்.
எதில் வைத்து எடைபோட்டார்கள் என்பது
இன்றுவரை எனக்கு விளங்காத கணக்கு.

*

இப்போது என் முறை.
பாதிப் பேருக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருந்தேன்:
'நீங்கள் எடுக்காத காசு அடுத்த அறையில் இருப்பவருக்கு.'
அந்த ஒரு வரி பொய்யைக் குறைத்ததா?
பூச்சியம் புள்ளி பூச்சியம் ஆறு என்கிறது கணினி.
ஐந்துக்குக் கீழே வந்தால்தான் கட்டுரை.
ஆறு விழுந்தால்
இங்கேயும் ஒன்றும் கிடையாது.

பதினேழாம் தேதி சூடேற்றும் குழாய்கள் செத்துப்போயின.
அன்று வந்த நால்வரும் கையுறையோடே பகடை உருட்டினார்கள்.
அவர்களை நீக்கலாம். காரணம் இருக்கிறது. நல்ல காரணம்.
நீக்கினேன்.
பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு.

நான்கு.

இரவு பதினொன்று. கதவு சாத்தியிருக்கிறது.
குவளைக்குள் நான் மட்டும் பார்க்கிறேன்.
நால்வரையும் திரும்ப அழைத்து உட்காரவைக்கிறேன்,
மறுபடி எழுப்பி அனுப்புகிறேன்.
பாவம், வெளியே மைனஸ் இருபத்தொன்பது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.
'என்சியோ லாரிக்கு எவ்வளவு குறைத்துப் போட்டீர்கள்?'
'எந்த என்சியோ?' என்றார்.
பின்னால் பழைய ஹாக்கி ஆட்டம் ஓடும் சத்தம்.
ஒரு கோல் விழுந்து, கூட்டம் கத்தி, அடங்கியது.
'இருநூறு கிலோ,' என்றார். 'ஒவ்வொரு நடைக்கும்.'
'அதை எங்கே எழுதினீர்கள்?'
'எங்கேயும் எழுதவில்லை.'

நான் எழுதினேன்.
இரண்டு எண்களையும்,
நால்வரின் கையுறைகளையும்.

பேராசிரியர் ஹென்ரீக்காவின் பதில் காலையில் வந்தது.
ஒரே வரி:
'தூலிக்கி, கையுறைகள் அவசியமா?'